வண்டியைச் சுவர் பார்த்து நிறுத்தும் விதி

இதை எழுத எனக்குத் தகுதி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கர்நாடக எல்லையோர ஹனூரில் பத்தாம் வகுப்பு வரை படித்தேன், அதுவும் கன்னடத்தில். வீட்டில் பேசியது தமிழ். அதன் எழுத்தை மேட்டூர் பஸ்களின் போர்டுகளைப் பார்த்தும், சலூனில் கிடந்த வாரப் பத்திரிகைகளைப் படித்தும் கற்றுக்கொண்டேன். நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சே வராது. பேச வராதவன் எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என்னை எழுத வைத்தது ஒரு விதி. பதினைந்து வருடம் நான் ஓட்டுநராக இருந்தது ஒரு டிவி போட்டிக்கு. அதன் பெயரைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு, விமானம் ஏறாமல், கையில் போன் இல்லாமல், ஜோடி ஜோடியாக ஆட்கள் பயணம் போவார்கள். யார் முதலில் போய்ச் சேர்கிறார்களோ அவர்களுக்குப் பரிசு. அதன் வண்டி ஷெட் மைசூர் விஜயநகரில் இருக்கிறது. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது இரண்டு புதிய ஓட்டுநர்கள் என்னை நிறுத்தினார்கள்.

"அண்ணா, ரூல் புக்ல இருபத்து மூணாவது ரூல் எதுக்கு அண்ணா? வண்டிய ரோடு பாத்து நிறுத்தக் கூடாதாம். சுவரையோ மரத்தையோ பாத்துதான் நிறுத்தணுமாம். சும்மனே ரிவர்ஸ் எடுத்து எடுத்து கழுத்து நோவுது."

அந்த விதிக்குக் காரணம் நான். அதை நின்றவாக்கில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "எழுதித் தரேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பதினேழு வயதில் லாரி கிளீனர். இருபத்திரண்டில் லைசென்ஸ். பிறகு மைசூரில் டூரிஸ்ட் டாக்சி. லாரியில் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் அதிகம் பேச மாட்டார், தலையில் தட்டுவார். அதிகம் தட்டு வாங்கியது வண்டியை நிறுத்தும் விஷயத்தில். வந்த பக்கம் பார்த்து நிறுத்தினால் ஒரு தட்டு. அடுத்து எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் மூக்கைத் திருப்பி வைத்த பிறகுதான் சாவியை எடுக்க வேண்டும். சாப்பிடப் போனாலும் சரி, ஒன்றுக்குப் போனாலும் சரி. இரண்டு வருடத்தில் அது கைக்குப் பழகிவிட்டது. அதற்குப் பிறகு நான் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. சாப்பிட எந்தக் கையை நீட்டுவது என்று யாரும் யோசிப்பதில்லை அல்லவா, அப்படி.

போட்டி வேலைக்கு என்னை எடுத்தவர் நஞ்சப்பா சார். முப்பது வருடம் பஸ் டிப்போவில் நேரம் எழுதும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். போட்டியில் அவருக்கு இருந்த பதவிக்கு ஆங்கிலத்தில் நீளமான பெயர் உண்டு, ஆனால் அங்கேயும் அவர் நேரம்தான் எழுதினார். என்னிடம் மூன்று கேள்வி கேட்டார். மூன்றுக்கும் தலையாட்டினேன். நாலாவதாக, "பேச வருமா?" என்றார்.

"கொஞ்சம் கம்மிங்க சார்."

"நாளைக்கு வா" என்றார்.

ஏன் என்று பிறகுதான் புரிந்தது. ஒவ்வொரு ஜோடியோடும் ஒரு கேமராக்காரர் பஸ்ஸிலும் ரயிலிலும் கூடவே போவார். பின்னால் ஒரு தொடர் வண்டி வரும், இறங்கும் இடத்துக்கு மட்டும் முந்திப் போய் நிற்கும். பேட்டரி, மருந்துப் பெட்டி, தண்ணீர் எல்லாம் அதில். அந்த வண்டி ஓட்டுநருக்கு மட்டும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒட்டிய கவரில் வழி கொடுப்பார்கள். ஜோடிக்கு ஊர்ப் பெயர் மட்டும்தான் தெரியும், வழியை அவர்களே கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே ஓட்டுநர் ஜோடியோடு பேசக் கூடாது. சிரிக்கக் கூடாது. கை காட்டக் கூடாது. கிட்டே வந்தால் கண்ணாடியை ஏற்றிவிட வேண்டும். இதற்குச் சம்பளம் கொடுப்பார்கள் என்று தெரிந்திருந்தால் நான் முன்பே வந்திருப்பேன்.

நஞ்சப்பா சாரின் சட்டைப் பையில் மூன்று இருக்கும்: நீலப் பேனா, சிவப்புப் பேனா, பென்சில். அவர் யாரையும் "லேட்" என்று சொன்னதில்லை. ஒன்பது மணிக்கு வர வேண்டியவன் ஒன்பது இருபதுக்கு வந்தால், கடிகாரத்தைப் பார்த்து "ஒன்பது இருபது" என்பார், நீலத்தில் எழுதுவார். அவ்வளவுதான். திட்டு வாங்கியிருந்தால் சாப்பாடு இறங்கியிருக்கும். இதற்கு இறங்காது.

ஓட்டுநர் தினமும் பதிவேடு எழுத வேண்டும். ஒரு பக்கத்துக்கு எட்டுக் கட்டம். இடம், வந்த நேரம், கிளம்பிய நேரம், கிலோமீட்டர், வண்டியின் நிலை, ஜோடியின் நிலை. ஏழாவது கட்டம், ஜோடி யாரிடம் வழி கேட்டார்கள். எட்டாவது கட்டம், நம் ஆட்கள் ஏதாவது உதவி செய்தார்களா. எட்டாவதில் எழுத ஒரே சொல்தான் இருந்தது: இல்லை. மாலையில் நஞ்சப்பா சார் ஒவ்வொரு கட்டத்தையும் சத்தமாக வாசிப்பார். நான் "ஆமா சார்" என்று சொல்ல வேண்டும். பிறகு கையெழுத்து.

முதல் வருடம் அஸ்ஸாமில் மழையில் நின்ற போட்டியாளர் பெண் ஒருவர் என் வண்டிக் கண்ணாடியைத் தட்டி வழி கேட்டார். நான் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முன்னால் போய் நின்றேன். டிவியில் அந்தப் பெண் அழுவதும் என் வண்டியின் பின்பக்கமும் வந்தன. என் மனைவி என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. வீட்டிலும் விதி பொருந்தும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இன்னொரு வருடம் ஒரிசாவில் ஒரே நிறத்தில் இரண்டு பஸ் போனதில், தவறான பஸ்ஸைத் தொடர்ந்து தொண்ணூறு கிலோமீட்டர் போய்விட்டேன். அது கல்யாண பஸ். மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பெண் வீட்டு டிரைவர் என்று நினைத்துச் சாப்பாடு போட்டார்கள். பேசக் கூடாது என்ற பழக்கத்தில் நானும் மறுத்துச் சொல்லவில்லை. அன்று ஏழாவது கட்டத்தைக் காலியாக விட வேண்டியிருந்தது. நஞ்சப்பா சார் "தொண்ணூறு" என்றார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பதினோராவது வருடம். அந்த முறை போட்டி வடகிழக்கே ஒரு மலை ஊரில் தொடங்கி தனுஷ்கோடி மணலில் முடிவதாக இருந்தது. எனக்குக் கிடைத்தது நான்காம் ஜோடி. கோபிச்செட்டிபாளையம் பக்கத்து மாமனாரும் மருமகளும். மாமனார் சென்னியப்பன், மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மருமகள் கலாமணி. இருவரும் பேசுவது எங்கள் ஹனூர் வீட்டுப் பேச்சு போலவே இருந்தது.

அவர்கள் பேசியது எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஜோடியின் சட்டையில் குத்திய, சிம் கார்டு போட்ட மைக் என் வண்டியில் ஒரு சின்ன ஸ்பீக்கரில் கேட்கும். எங்கே இறங்கப் போகிறார்கள் என்று ஓட்டுநருக்குத் தெரிவதற்காக அந்த ஏற்பாடு. ஆகவே மூவாயிரம் கிலோமீட்டருக்கு நான் அவர்களோடு பேசவில்லை, ஆனால் அவர்கள் பேச்சிலேயே குடியிருந்தேன்.

கலாமணிக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருடம். தனியாகப் போன தூரம் கோயில், ரேஷன் கடை. இந்தப் போட்டிக்கு எழுதிப் போட்டபோது நாத்தனார் சொன்னாராம், "கோபி பஸ் ஸ்டாண்டுல உட்டாலே வூடு வந்து சேர மாட்டா." அதை அந்த அம்மிணி மாமனாரிடம் ஒரு ரயிலில் சொன்னபோது ஸ்பீக்கரில் கேட்டேன்.

"பரிசு வருதோ இல்லையோ மாமா. ஒருக்கா கடைசி வரைக்கும் போய்ப் பாக்கோணும். அந்த மணல்ல கால வெச்சுட்டு வந்தாப் போதும்."

"வெச்சுப்போடலாம் அம்மிணி. அதுக்கு முன்னால ஒரு டீ குடிச்சுப்போடலாம்" என்றார் சென்னியப்பன்.

அவருக்கு வழி கேட்பது பிடிக்கும். வழி கேட்டால், அந்த ஆளின் ஊர், பிள்ளைகள், மழை எப்படி என்பது வரை போய்விடுவார். இந்தி தெரியாது. அது அவருக்குத் தடையாக இல்லை. நாக்பூர் வரை அப்படித்தான் நேரம் போனது. நாக்பூருக்குப் பிறகு கலாமணி அவரைக் கேட்க விடவில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்குவார், ஒருமுறை சுற்றிப் பார்ப்பார், "இந்தப் பக்கம் மாமா, வாங்க" என்பார். சரியாக இருக்கும்.

"ஊரூராப் போறோம், ஒருத்தன்கிட்ட ஒரு வார்த்தை பேச உடறாளா பாரு" என்று மாமனார் மைக்குக்குள் முனகுவார்.

எட்டு ஜோடிகளில் நான்கு ஜோடிகள் மிஞ்சி மைசூர் வந்து சேர்ந்தோம். அங்கே ஒரு நாள் ஓய்வு. அடுத்த சுற்று மேட்டூர் வரை. அதில் கடைசியாக வரும் ஜோடி வீட்டுக்குப் போக வேண்டும், மற்ற மூன்று ஜோடிகள் தனுஷ்கோடிக்குப் போகலாம். ஓய்வு நாள் மத்தியானம் நஞ்சப்பா சார் என்னை ஷெட் ஆபீசுக்குக் கூப்பிட்டார். மேஜையில் நான்கு ஓட்டுநர்களின் பதிவேடுகளும் விரித்துக் கிடந்தன. மற்ற மூன்றில் ஏழாவது கட்டம் நிறைந்திருந்தது. டீக்கடைக்காரர், கண்டக்டர், போலீஸ்காரர், மறுபடி டீக்கடைக்காரர். என் பதிவேட்டில் நாக்பூரிலிருந்து அந்தக் கட்டம் வெள்ளையாக இருந்தது.

"மாதேசு, இவங்க யார்கிட்டயும் வழி கேக்கறதில்லயா?"

"இல்ல சார்."

"அப்ப வழி எப்பிடித் தெரியுது?"

"அந்த அம்மிணி கெட்டிக்காரங்க சார்."

"கெட்டிக்காரங்கள நானும் பாத்திருக்கேன். அவங்களும் கேப்பாங்க." கொஞ்ச நேரம் பதிவேட்டைப் பார்த்தார். "நீ மாத்தாடறியா?"

பேசுவதற்குக் கன்னடத்தில் மாத்தாடுவது என்று பெயர். "இல்ல சார்."

"கை?"

"இல்ல சார்."

"ஹாரன்?"

"இல்ல சார்."

நான் பொய் சொல்ல மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். பொய்க்கும் பேச வேண்டுமே. அவர் ஒரு காப்பி டம்ளரை மேஜை நடுவில் வைத்தார். "இது வாரங்கல் பஸ் ஸ்டாண்ட்." பேனாவைக் குறுக்கே வைத்தார். "இது ரோடு." தீப்பெட்டியை என் கையில் கொடுத்தார். "இது உன் வண்டி. எப்பிடி நிறுத்தின?"

வைத்தேன்.

"அங்கேந்து எந்தப் பக்கம் போகணும்?"

தீப்பெட்டியின் மூக்கு பார்த்த பக்கம்தான். அவர் டம்ளரைக் கொஞ்சம் நகர்த்தினார். "கர்னூல்." வைத்தேன். "பெல்லாரி." வைத்தேன். "சித்ரதுர்கா." இப்படி ஆறு ஊர். ஆறாவதைக் கையிலிருந்து வைக்கும்போது எனக்கே தெரிந்துவிட்டது. கை அந்தரத்தில் நின்றது.

"வை" என்றார். வைத்தேன்.

பதினோரு வருடம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். வண்டி ஊர் ஊராகப் போய் வழி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. மற்ற ஜோடிகள் யாரும் வண்டியைப் பார்க்கவில்லை. கலாமணி பார்த்தார்.

"சார், நான் வேணும்னு செய்யலை."

"நீ செய்யலை. டிப்போல நானும் அப்பிடித்தான் பஸ் நிறுத்தச் சொல்லுவேன்." சிவப்புப் பேனாவை எடுத்தார், மறுபடி பைக்குள் வைத்தார். "ஆனா அவங்க உன் வண்டியத்தான் பாக்கறாங்கன்னு எனக்கு நிச்சயமாத் தெரியணும். நாளைக்கு கொள்ளேகால்ல சாமராஜநகர் பக்கம் பாத்து நிறுத்து."

"அது சுத்து வழி சார். அப்பிடிப் போனா கடைசியா வருவாங்க."

"சொந்தமா வழி தெரிஞ்சவங்க போக மாட்டாங்க."

தீப்பெட்டியை அவர் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்தேன்.

மறுநாள் காலை அவர்கள் மைசூரில் கொள்ளேகால் பஸ் ஏறினார்கள். நான் முந்திப் போய் கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வண்டியைத் திருப்பினேன். ஹனூர் ரோடு இடது பக்கம். நான் பிறந்த ஊருக்குப் போகிற ரோடு. வண்டியை அதற்கு முதுகு காட்டி நிறுத்த மூன்று தடவை முன்னும் பின்னும் எடுக்க வேண்டியிருந்தது. லைசென்ஸ் வாங்கப் போன அன்றுகூட எனக்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை.

பதினொன்று இருபதுக்கு அவர்கள் இறங்கினார்கள். கேமராக்காரர் பிரதீப் நேராக என் வண்டிக்கு வந்து, பின்கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டுக்கொண்டு பேட்டரி மாற்ற ஆரம்பித்தார். கேமரா அணைந்திருந்தது. மைக்கும் அணைந்திருந்தது. கலாமணி வழக்கம்போல் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். என் வண்டியில் கண் நின்றது. அந்த நேரம் ஹனூர் ரோட்டிலிருந்து ஒரு தமிழ்நாட்டு பஸ் உள்ளே வந்தது. போர்டில் மேட்டூர் என்று தமிழில் எழுதியிருந்தது. கலாமணி பஸ்ஸைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். பிறகு ரோட்டைக் கடந்து என்னிடம் வந்தார்.

நான் கண்ணாடியை ஏற்றியிருக்க வேண்டும்.

"அண்ணா, ஒடம்புக்கு முடியலீங்களா?" என்றார். "மேட்டூர் பஸ்ஸு அந்தப் பக்கமிருந்து வருது. நீங்க இந்தப் பக்கம் திருப்பி நிறுத்தியிருக்கறீங்க. ஒருநாளும் இப்படி நிறுத்த மாட்டீங்களே. மொகமும் வாடிக் கெடக்குது. மருந்துப் பொட்டி உங்ககிட்டத்தான இருக்குது, ஒரு மாத்திரை போட்டுக்கலாமுல்ல?"

பதினோரு வருடத்தில் எந்த ஜோடியும் என்னிடம் வழி தவிர வேறு எதுவும் கேட்டதில்லை. என் வாய் திறந்துகொண்டது.

"ஒடம்பு நல்லாத்தான் இருக்குது அம்மிணி. இந்தப் பக்கம் போகாதீங்க. பஸ்ஸு வந்த பக்கமே போங்க."

தெரியாமல் செய்த ஆறு உதவியும் சேர்ந்து இந்த ஒன்றுக்கு ஈடாகாது. இது தெரிந்து செய்தது.

கலாமணி தலையாட்டிவிட்டு ஓடினார். அவர்கள் மாதேஸ்வரமலை பஸ்ஸில் ஏறினார்கள். பஸ் ஹனூரைத் தாண்டியது. மலையில் வேறு பஸ் மாறும்போது பிரதீப் டீ கிளாசோடு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"மாதேசண்ணா, கொள்ளேகால்ல நான் பேட்டரி மாத்திட்டு இருந்தேன். எதுவும் கேக்கலை."

நான் வண்டிக் கண்ணாடியைத் துடைத்தேன்.

"எதுவும் பாக்கவும் இல்லை" என்றார்.

பாலாறு செக்போஸ்ட்டில் வனக் காவலர் வண்டியை நிறுத்தி, பின்கதவைத் திறக்கச் சொன்னார். ஏதோ டிவி வண்டி என்று தெரிந்ததும், எந்த சீரியல் என்று கேட்டார். சீரியல் இல்லை என்றேன். அப்படியானால் போகலாம் என்றார்.

மேட்டூரில் நான்காம் ஜோடி மூன்றாவதாக வந்தது, நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு. அடுத்த ஜோடி நாலு முப்பத்தொன்றுக்குத்தான் வந்தது. இருபத்தாறு நிமிட வித்தியாசத்தில் கலாமணி தனுஷ்கோடிக்குப் போகலாம். மாமனார் அங்கேயே ஒரு இளநீர்க்காரரைப் பிடித்து இரண்டு இளநீர் வெட்டச் சொன்னார். கலாமணி சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்ததை வண்டியிலிருந்து பார்த்தேன்.

பிறகு பதிவேட்டைத் திறந்தேன். கொள்ளேகால், 11.20. முதல் ஏழு கட்டம் எழுதினேன். எட்டாவதில் பேனா நின்றுவிட்டது. விதிப்புத்தகத்தில் அதற்குத் தண்டனை எழுதியிருந்தது: நம் ஆட்கள் வழி சொன்னால் ஜோடிக்கு நாற்பது நிமிடம் கூடுதல். நாற்பதில் இருபத்தாறு போனால் என்ன மிச்சம் என்று பத்தாவது படித்தவனுக்கும் தெரியும். எழுதினால் அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். "இல்லை" என்று எழுதினால் யாருக்கும் தெரியாது. பிரதீப்புக்குத் தெரியும், ஆனால் அவர் பார்க்கவில்லை.

இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கட்டத்தில் பதினோரு வருடமாக நான் எழுதிய "இல்லை" எல்லாம் உண்மை. இன்றைக்கு ஒன்று பொய்யாக எழுதினால், மற்றதையும் யார் வேண்டுமானாலும் சந்தேகப்படலாம். வேறு காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. பெரிய காரணமாக யோசித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை. எழுதினேன்: "போட்டியாளர் என் உடல்நிலையை விசாரித்தார். நான் வழி சொன்னேன்."

நஞ்சப்பா சார் ஒவ்வொரு கட்டமாக வாசித்தார். நான் "ஆமா சார்" சொன்னேன். எட்டாவதையும் அதே குரலில்தான் வாசித்தார். "ஆமா சார்" என்றேன்.

"விசாரிச்சதயும் எதுக்கு எழுதின?"

"அதுவும் நடந்தது சார்."

அவர் சிவப்புப் பேனாவை எடுத்து, என் வரிக்குக் கீழே எழுதினார். "வண்டியைத் தவறான பக்கம் நிறுத்தச் சொன்னது நான். இது விதிப்புத்தகத்தில் இல்லை." கையெழுத்துப் போட்டார், நேரம் எழுதினார். பிறகு மும்பையில் இருக்கும் போட்டியின் தலைமை ஆபீசுக்குப் போன் செய்து இரண்டு வரியையும் வாசித்துக் காட்டினார். அந்தப் பக்கம் வெகுநேரம் பேசினார்கள். இவர் மூன்று தடவை "ஆம்" என்றார், வைத்துவிட்டார்.

ஜோடியைக் கூப்பிட்டு அவரே சொன்னார். நாற்பது நிமிடம். நாலு நாற்பத்தைந்து. கடைசி.

கலாமணி என்னைப் பார்த்தார். "அண்ணாவே எழுதினாருங்களா?"

"அவரேதான்."

"வண்டியப் பாத்து வழி கண்டுபிடிக்கறது தப்புன்னு எங்கயும் எழுதலீங்களே சார்."

"எழுதலை. அதுக்கு தண்டனை இல்லை. இது பேசினதுக்கு."

சென்னியப்பன் இளநீரைக் கீழே வைத்தார். "எந்த வண்டியப் பாத்து?"

அவருக்கு விஷயம் அப்போதுதான் தெரிந்தது. மருமகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அட கண்ணு, நாக்பூர்லிருந்து உன்ற மூளைன்னு நெனச்சு ஊருக்கெல்லாம் பெருமையடிக்கலாம்னு இருந்தனே. இந்த மனுசன் வண்டி மூக்கா அது?"

"பாக்கறதுக்கும் மூளை வேணுமுங்க மாமா" என்றார் கலாமணி. தன் இளநீரையும் கீழே வைத்தார். நாத்தனாரை நினைத்திருப்பார். நானும் நினைத்தேன்.

நஞ்சப்பா சார் பாக்கியையும் சொன்னார். ஓட்டுநர் மாதேஸ்வரன் இந்த வருடப் போட்டியிலிருந்து விலக்கப்படுகிறார். ஜோடியை வீட்டில் இறக்கிவிட்டு வண்டியை மைசூரில் ஒப்படைக்க வேண்டும். கடைசிச் சுற்றோடு தாமும் விலகுவதாகச் சொன்னார். அவரை மறு வருடமே திரும்பக் கூப்பிட்டார்கள், என்னையும்தான். அந்த வருடப் புத்தகத்தில் இருபத்து மூன்றாவது விதி சேர்ந்திருந்தது.

அவர்கள் பின்சீட்டில் ஏறினார்கள். மைக்கைக் கழற்ற யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அவர்கள் பேசியது பின்னாலிருந்து ஒருமுறையும், முன்னாலிருந்த ஸ்பீக்கரில் ஒருமுறையும் கேட்டது.

"எழுதாம உட்டிருக்கலாமுல்ல அப்பனே" என்றார் சென்னியப்பன், இரண்டு தடவை.

"அதுக்கு ஒரு கட்டம் இருந்துச்சுங்க" என்றேன்.

"கட்டம் இருந்தா?"

"நெரப்போணுமுங்க."

"மில்லுலயும் இப்படி ஒருத்தன் இருந்தான். அவனோட யாரும் டீ குடிக்க மாட்டோம்" என்றார். சிறிது நேரம் கழித்து, "நல்லவந்தான்" என்று சேர்த்துக்கொண்டார்.

நான் கண்ணாடியில் பார்க்காமல் ஓட்டினேன். பவானியில் கோபிக்குத் திரும்பும் இடம் வந்தபோது கலாமணி முன்சீட்டைத் தட்டினார்.

"அண்ணா, பஸ் ஸ்டாண்டுல நிறுத்துங்க."

"வூட்டுல உடச் சொல்லியிருக்காங்க அம்மிணி."

"நாங்க இப்ப போட்டியில இல்ல. எங்க எறங்கோணும்னு நாங்கதான் சொல்லோணும்." மாமனார் பக்கம் திரும்பினார். "மாமா, நான் போறேன். நீங்க வூட்டுக்குப் போறீங்களா, கூட வாறீங்களா?"

"எங்க போறே?"

"மணலுக்கு."

"கேமரா இல்லாத மணலுக்கா?"

"மணல் இருக்குமுல்லங்க."

சென்னியப்பன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "உன்னையத் தனியா உட்டுட்டுப் போனா உன்ற அத்தை என்னைய வாசல்லயே நிக்க வெச்சுருவா. வாறேன். ஆனா ஒண்ணு. இந்தத் தடவை நாந்தான் வழி கேப்பேன்."

"கேளுங்க" என்றார் கலாமணி.

பவானி பஸ் ஸ்டாண்டில் இறங்கினார்கள். கலாமணி மைக்கைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "கோவமெல்லாம் இருக்குதுங்கண்ணா. இருந்தாலும் ஒடம்பப் பாத்துக்குங்க" என்றார். மாமனார் அதற்குள் ஒரு பூக்கடைக்காரரிடம் தனுஷ்கோடிக்கு எப்படிப் போவது என்று கேட்டு, அவருடைய மூத்த மகன் திருப்பூரில் என்ன செய்கிறான் என்பது வரை போயிருந்தார். நான் வண்டியை எடுத்தேன்.

மறுநாள் காலை பத்தே காலுக்கு இருவரும் தனுஷ்கோடி மணலில் போய் நின்றார்கள் என்று பிறகு தெரிந்தது. எங்கள் ஆட்கள் அங்கே அப்போதுதான் ரிப்பன் கட்டக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்களாம். வென்ற ஜோடி அன்று காலையில்தான் மேட்டூரிலிருந்து கிளம்பி, மாலை ஐந்தரைக்கு வந்தது. நான் மைசூரில் வண்டியைக் கழுவி, கிலோமீட்டர் எழுதி, சாவியை ஒப்படைத்தேன்.